ஒரே கார், இரண்டு விலை: பழைய மெர்சிடிஸ் கன்வர்ட்டிபிள் விளம்பரத்தைப் படிப்பது எப்படி?

மெர்சிடிஸ்-பென்ஸ் 280எஸ்இ 3.5 கேப்ரியோலே (துணிக்கூரையை மடித்துத் திறக்கும் கன்வர்ட்டிபிள்) அமெரிக்க, ஐரோப்பிய ஏலப் பட்டியல்களில் அடிக்கடி தலைகாட்டும் கார். நல்ல நிலையில் இருப்பது 3 லட்சம் டாலரைத் தாண்டியும் போயிருக்கிறது. படத்தில் அச்சு அசலாக அதைப் போலவே தெரியும் இன்னொன்று, அதில் பாதி விலைக்கும் ஆள் கிடைக்காமல் நிற்கிறது. இரண்டு விளம்பரத்திலும் 'முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது' என்றே எழுதியிருப்பார்கள். விலையை மட்டும் செய்தியில் பார்ப்பவருக்கு இது பணக்காரர்களின் கிறுக்கு என்று தோன்றும். கிறுக்கும் கொஞ்சம் இருக்கிறதுதான். ஆனால் வித்தியாசத்தின் பெரும்பகுதிக்குக் கணக்கு உண்டு. பெயிண்டுக்கு அடியில் இருக்கும் தகட்டையும் காரோடு வரும் காகிதங்களையும் பார்க்காமல் அந்தக் கணக்கைப் போட முடியாது.

எந்தக் கார் இது?

மெர்சிடிஸ் 1959-ல் கொண்டுவந்த டபிள்யூ111 செடானின் பின்பக்கத்தில் சிறு துடுப்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். அதே அடித்தளத்தில் இரண்டு கதவு கூப்பே 1961 பிப்ரவரியிலும், துணிக்கூரை போட்ட கேப்ரியோலே அதே ஆண்டு செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியிலும் வந்தன. வடிவம் மெர்சிடிஸ் வடிவமைப்பாளர் பால் பிராக்கின் கைவண்ணம். துடுப்பை அவர் ஏறக்குறைய வழித்தே எடுத்துவிட்டார். செடான் இன்று பழைய காராகத் தெரிய, கேப்ரியோலே அப்படித் தெரியாமல் இருப்பதற்கு அது முக்கியக் காரணம்.

பத்தாண்டுகளில் இந்தத் திறந்த உடலுக்குள் ஐந்து வகை இன்ஜின்கள் வந்தன. தயாரான கேப்ரியோலேக்களின் எண்ணிக்கை:

1. 220எஸ்இ (2.2 லிட்டர், ஆறு சிலிண்டர்): 2,729
2. 300எஸ்இ (3 லிட்டர், ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப்பையில் நிற்கும் ஏர் சஸ்பென்ஷன், இதற்கு டபிள்யூ112 என்று தனிப் பெயர்): 708
3. 250எஸ்இ (1965 முதல்): 954
4. 280எஸ்இ (2.8 லிட்டர், ஆறு சிலிண்டர்): 1,390
5. 280எஸ்இ 3.5 (வி8, அதாவது எட்டு சிலிண்டர், 1969 முதல் 1971 ஜூலை வரை): 1,232

மொத்தம் 7,013. எண்ணிக்கையில் மிகக் குறைவு 300எஸ்இ. விலையில் மேலே நிற்பதோ கடைசி வகை. அரிதாக இருந்தாலே விலை ஏறும் என்ற நினைப்பு இங்கே உடைகிறது. 300எஸ்இயின் ஏர் சஸ்பென்ஷன் பழுதானால் செலவு வாய்பிளக்க வைக்கும்; 3.5 காரில் சாதாரணச் சுருள் ஸ்பிரிங்தான். 3,499 சிசி வி8 இன்ஜின் 200 குதிரைத்திறன் தருகிறது, மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் போகிறது, இன்றைய நெடுஞ்சாலையிலும் கூச்சப்படாமல் ஓடும். இதற்குப் பிறகு, ஜி-கிளாஸ் ஜீப் வகையை விட்டால், நான்கு பேர் அமரும் திறந்த காரை மெர்சிடிஸ் 1991 வரை காட்டவே இல்லை.

அமெரிக்க விளம்பரங்களில் இதே இன்ஜினுக்கு 230 குதிரைத்திறன் என்று இருக்கும். பொய் இல்லை. துணைக் கருவிகளைக் கழற்றி இன்ஜினை மட்டும் அளக்கும் அன்றைய அமெரிக்க எஸ்ஏஇ மொத்த அளவீடு அப்படி. காரில் இருப்பது போலவே அளக்கும் ஜெர்மானிய டிஐஎன் அளவீட்டில் 200.

'புதுப்பித்தது' என்றால் எவ்வளவு வேலை?

இந்தச் சொல்லுக்குச் சட்டப்படியான அளவுகோல் எதுவும் இல்லை. ஒரே சொல்லை நான்கு விதமான வேலைக்குப் பயன்படுத்துகிறார்கள்.

1. மேல்பூச்சு. கண்ணாடியையும் குரோமையும் கழற்றாமல் டேப் ஒட்டி பெயிண்ட் அடித்து, இருக்கைத் தோலை மாற்றி, இன்ஜினைக் கழுவிவிடுவது. கதவு ரப்பரைத் தூக்கிப் பார்த்தால் பழைய நிறம் எட்டிப் பார்க்கும்.

2. பகுதி வேலை. அழுகிய இடத்தை மட்டும் வெட்டி ஒட்டி, மற்றதை விட்டுவிடுவது. ஒளிவுமறைவில்லாமல் செய்து, எதைச் செய்தோம் என்று எழுதிவைத்தால் இதில் தவறே இல்லை.

3. முழு வேலை. உடலிலிருந்து கடைசி நட்டு வரை கழற்றி, பெயிண்டை நீக்கி வெறும் தகடாக்கி, அழுகியதை மாற்றி, எல்லாவற்றையும் திரும்பப் பூட்டுவது. உயர்ந்த விலை கேட்க நியாயம் இருப்பது இதற்குத்தான்.

4. தொடாமல் காப்பாற்றியது. முதல் பெயிண்ட், முதல் தோல், ஓட்டும் நிலை. இது புதுப்பிப்பே அல்ல. ஆனாலும் சில ஏலங்களில் முழு வேலை செய்த காரைவிட மேலே போகும்.

ஜெர்மனியில் 1 முதல் 5 வரை தர மதிப்பெண் போடுவார்கள்: 1 குறையற்றது, 3 ஓட்டத்தக்கது, 5 முழு வேலை தேவைப்படுவது. அமெரிக்காவில் பழைய கார்களுக்குக் காப்பீடு தரும் ஹேகர்டி நிறுவனத்தின் விலைப் பட்டியல் 1 முதல் 4 வரை. விளம்பரத்தில் 'தரம் 2' என்று பார்த்தால், போட்டது யார், எப்போது, காரை லிஃப்டில் ஏற்றிப் பார்த்தார்களா என்று மூன்றையும் கேட்க வேண்டும். காப்பீட்டுக்காக எடுக்கும் சுருக்க மதிப்பீடுகள் பெரும்பாலும் காரைச் சுற்றி வந்து எழுதப்படுபவை. அடியில் என்ன இருக்கிறது என்று அவை சொல்வதில்லை.

அடையாளம்: எண்கள் என்ன சொல்கின்றன?

3.5 கேப்ரியோலேவுக்கும் மற்ற வகைகளுக்கும் இடையே விலை இடைவெளி பெரியது. இடைவெளி இருக்கும் இடத்தில் ஒட்டுவேலையும் வரும். இந்தக் காரில் இரண்டு வகை வழக்கம்.

முதலாவது, ஆறு சிலிண்டர் 280எஸ்இ கேப்ரியோலேவில் வேறு காரின் வி8-ஐ இறக்கி, பின்னால் '3.5' எழுத்தை ஒட்டுவது. இரண்டாவது, 3.5 கூப்பேயின் கூரையை வெட்டிக் கேப்ரியோலே ஆக்குவது. வி8 கூப்பே 3,270 தயாரானதால் மூலப்பொருளுக்குப் பஞ்சம் இல்லை. 3.5 வந்தபோது முன் கிரில் தாழ்ந்து அகன்றது. அதை வைத்தே காரை அடையாளம் காண்பதாகப் பலர் சொல்வார்கள். கடைசிக் காலத்து ஆறு சிலிண்டர் கார்கள் சிலவற்றிலும் அந்தத் தாழ்ந்த கிரில் உண்டு. கிரிலைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

சேசிஸ் எண்ணை, அதாவது ஒவ்வொரு காருக்கும் தொழிற்சாலை தரும் அடையாள எண்ணை, அழைக்கலாம். 111.027-12-00 என்று தொடங்கும் எண்ணை இப்படிப் பிரிக்க வேண்டும்:

1. முதல் ஆறு இலக்கம் வகை. 111.027 என்றால் 3.5 கேப்ரியோலே. 111.026 என்றால் 3.5 கூப்பே. 111.025 என்றால் ஆறு சிலிண்டர் 280எஸ்இ கேப்ரியோலே.
2. அடுத்த இலக்கம் ஸ்டீயரிங்: 1 இடப்பக்கம், 2 வலப்பக்கம்.
3. அதற்கடுத்தது கியர்: 0 என்றால் கையால் மாற்றுவது, 2 என்றால் ஆட்டோமேட்டிக்.
4. மீதி ஆறு இலக்கம் வரிசை எண்.

026 என்ற எண்ணோடு கூரை இல்லாத கார் நின்றால், மேற்கொண்டு பேச எதுவும் இல்லை. எண் சரியாக இருந்தாலும் அது தகட்டில் எப்படிக் குத்தப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ரிவெட் அடித்த பெயர்ப்பலகை வேறு, காரின் உடல் தகட்டிலேயே குத்திய எண் வேறு. பலகையைப் பெயர்த்து இன்னொரு காரில் அடிக்க ஐந்து நிமிடம் போதும். குத்திய எண்ணைச் சுற்றி அரைத்த தடமோ, வெல்டிங் தையலோ, அந்த இடத்தில் மட்டும் கெட்டியான பெயிண்டோ இருந்தால் நிறுத்திக்கொள்ளலாம்.

இன்ஜின் எண் 116.980 என்று தொடங்க வேண்டும். 116.982 என்றால் அது பின்னால் வந்த 350எஸ்எல் காரின் இன்ஜின். ஓட்டத்தில் வித்தியாசம் தெரியாது. விலையில் தெரியும்.

இவற்றையெல்லாம் ஒத்துப்பார்க்க உதவுவது தொழிற்சாலையின் 'டேட்டா கார்டு'. கார் வெளியேறியபோது இருந்த சேசிஸ், இன்ஜின், கியர்பாக்ஸ், பாடி எண்கள், நிறக் குறியீடு, உள் தோலின் குறியீடு, கூடுதல் வசதிகளின் குறியீடுகள் எல்லாம் அதில் இருக்கும். 040 கறுப்பு, 050 வெள்ளை, 180 வெள்ளிச் சாம்பல் மெட்டாலிக். 491 அமெரிக்காவுக்கு அனுப்பிய காருக்கான குறியீடு. அமெரிக்கக் கார்களில் வட்ட விளக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும்; ஐரோப்பியக் கார்களில் முழு உயரத்துக்கும் ஒரே கண்ணாடி. பிற்காலத்தில் பலர் ஐரோப்பிய விளக்குக்கு மாற்றினார்கள். அது குற்றமல்ல. ஆனால் கார்டில் 491 இருக்க, 'ஐரோப்பாவில் விற்ற கார்' என்று விளம்பரம் சொன்னால் மற்ற வாக்கியங்களையும் சந்தேகத்தோடு படிக்க வேண்டியதுதான்.

நிறம் மாற்றியிருந்தால் விலை குறையுமா? குறையும், ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை. தொழிற்சாலைப் பட்டியலில் இருந்த நிறமாக இருந்தால் பெரும்பாலும் பொறுத்துக்கொள்கிறார்கள். இன்ஜின் மாறியிருந்தால் அந்தப் பொறுமை இருப்பதில்லை.

உடல்: பணம் உட்கார்ந்திருக்கும் இடம்

இந்தக் காருக்குத் தனி சேசிஸ் சட்டம் கிடையாது. தகடுகளை மடித்து வெல்டிங் செய்த உடலே சட்டம். கூப்பேயில் கூரையும் சேர்ந்து பாரம் தாங்கும். கேப்ரியோலேவில் கூரை இல்லாததால், கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் இரண்டு பெட்டிச்சட்டங்களும் தரையும் அந்தப் பாரத்தையும் சேர்த்துச் சுமக்கின்றன. தொழிற்சாலை அவற்றுக்குக் கூடுதல் வலுவூட்டல் கொடுத்தது. கூப்பேயை வெட்டிச் செய்த போலியில் இந்த வலுவூட்டல் இருக்காது, அல்லது கையால் செய்ததாக இருக்கும்.

சிக்கல் என்னவென்றால், கதவு வழியாக இறங்கும் மழைநீரும் சக்கரம் அடிக்கும் சேறும் போய்ச் சேருவது அந்தப் பெட்டிச்சட்டங்களுக்குள்தான். வடிகால் துளை அடைபட்டால் உள்ளிருந்து அரிக்கும். வெளியே கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும். அமெரிக்க வடமாநிலங்களிலும் ஜெர்மனியிலும் பனிக்காலச் சாலையில் போடும் உப்பு இதை வேகப்படுத்தும். கலிஃபோர்னியா கார் என்று விளம்பரத்தில் அழுத்திச் சொல்வது அதனால்தான். அங்கே வெயில் மரத்தையும் தோலையும் தின்னும், தகட்டை விட்டுவைக்கும்.

மற்ற துரு இடங்கள்: ஜாக்கி மாட்டும் குழாய்கள், முன் விளக்குக்குப் பின்னால் உள்ள குழி, முன் மட்கார்டின் கதவுப் பக்க முனை, பின் சக்கர வளைவு, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் பள்ளம், பின் ஆக்ஸிலைப் பிடிக்கும் கைகள் உடலோடு சேரும் இடம். கடைசியாகச் சொன்னது பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. அங்கே ஒட்டுத்தகடு இருந்தால் விலை பேசுவதற்கு முன் காரணத்தைக் கேட்க வேண்டும்.

பெட்டிச்சட்டம் மாற்றும் வேலை எப்படி நடக்க வேண்டும் என்று தெரிந்தால், எங்கே கெடுகிறது என்றும் புரியும்.

1. முதலில் கதவைக் கழற்றாமல், எல்லா இடைவெளிகளையும் அளந்து எழுதுவது.
2. பிறகு கதவு வாசலின் குறுக்கே முன் தூணுக்கும் பின் தூணுக்கும் இடையே இரும்புக் குழாயைத் தற்காலிகமாக வெல்டிங் செய்து முட்டுக் கொடுப்பது.
3. உடலை அதன் சஸ்பென்ஷன் புள்ளிகளில் தாங்கி, மட்டம் பார்ப்பது.
4. ஒரு பக்கம் மட்டும் வெட்டுவது. புதியதை முதலில் புள்ளி வெல்டிங்கில் நிறுத்தி, கதவை மாட்டி இடைவெளி பார்த்து, சரியான பிறகே முழு வெல்டிங். அடுத்த பக்கம் அதற்கப்புறம்.
5. பெயிண்ட் முடிந்த பின் துளைகள் வழியாக உள்ளே மெழுகுக் கரைசல் பீய்ச்சுவது.

அவசரத்தில் விடுபடுவது பெரும்பாலும் 2-ம் 4-ம். முட்டு இல்லாமல் இரண்டு பக்கமும் வெட்டினால் உடல் நடுவில் தொய்யும். முன் தூணும் பின் தூணும் மேல்பக்கம் ஒன்றையொன்று நோக்கிச் சாயும். அந்தத் தொய்வோடு வெல்டிங் செய்தால் அது நிரந்தரம். விற்பனைக்கு நிற்கும் காரில் இதன் அடையாளம்: கதவின் பின் ஓர இடைவெளி மேலே குறுகி, கீழே அகலும். இதை மறைக்கக் கதவின் ஓரத்தை அரைத்தோ, பட்டி வைத்தோ 'சரி' செய்திருப்பார்கள்.

சோதிக்க எளிய வழி உண்டு. விற்பவர் அனுமதியோடு பின் ஜாக்கிப் புள்ளியில் காரைத் தூக்கி, சக்கரம் தரையைவிட்டு எழுந்ததும் அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். நல்ல உடலில் கதவு முன்பு மூடியது போலவே மூடும். இடைவெளி கண்ணுக்குத் தெரியும்படி மாறினாலோ, பூட்டு உரசினாலோ உள்ளே வலு இல்லை. ஜாக்கி வைக்க விற்பவர் மறுத்தால் அதையும் பதிலாகவே எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது பெயிண்ட் தடிமன் மீட்டர். தொழிற்சாலைப் பெயிண்ட் சுமார் 100 முதல் 150 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). கவனமாகச் செய்த மறுபெயிண்ட் 200 முதல் 400 வரை காட்டலாம். ஒரே தகட்டில் ஓரிடம் 250, அரை அடி தள்ளி 1,200 என்றால் அங்கே பட்டி இருக்கிறது. ஒரு நுணுக்கம்: தகடுகள் சேரும் சில இடங்களைத் தொழிற்சாலையே ஈயம் உருக்கி நிரவியது. ஈயத்தின் மீதும் மீட்டர் அதிகமாகக் காட்டும். ஆகவே ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொண்டு சண்டை போடாமல், இடதும் வலதும் ஒரே மாதிரி காட்டுகின்றனவா என்று ஒப்பிடுங்கள்.

இதற்கெல்லாம் மேலான சாட்சி வேலை நடந்தபோது எடுத்த படங்கள். பெயிண்ட் நீக்கிய வெறும் தகட்டின் படம், அழுகல் வெட்டிய படம், புதிய தகடு உட்கார்ந்த படம், மூன்றிலும் அதே கார் என்று தெரியும் அடையாளம். இப்படி ஒரு கட்டுப் படம் இல்லாத 'முழு' வேலைக்கு முழு விலை கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து. இந்த அளவுக்குச் செலவழிப்பவர் படம் எடுக்காமல் விடுவது அபூர்வம்.

இன்ஜின்: பயமுறுத்தும், ஆனால் திருத்தலாம்

இன்ஜின் சத்தம் வாங்குபவரை மிரட்டுகிற அளவுக்கு அது விலையைத் தீர்மானிப்பதில்லை. இதே வி8 குடும்பம் பல மாடல்களில் போனதால் உதிரிபாகம் கிடைக்கிறது. பார்க்க வேண்டியவை சில.

வால்வுகள் சரியான நேரத்தில் திறந்து மூடும்படி கேம்ஷாஃப்டைச் சுழற்றும் டைமிங் செயின் வயதாக ஆக நீளும். அதைத் தாங்கும் பிளாஸ்டிக் வழிகாட்டிப் பட்டைகள் வெப்பத்தில் இறுகி உடையும். உடைந்த துண்டு செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே சிக்கினால் வால்வு வளையும். பட்டையின் விலை சொற்பம், அது கெடுப்பது ஒரு முழு சிலிண்டர் ஹெட். எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது வேண்டும். கேம்ஷாஃப்டுக்கு எண்ணெய் தெளிக்கும் குழாயின் இணைப்புகள் கழன்றாலும் அடைத்தாலும் அந்தப் பக்கக் கேம் தேயும். மேல் மூடியைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பெட்ரோலைத் தெளிப்பது போஷ் டி-ஜெட்ரானிக் என்னும் எலெக்ட்ரானிக் முறை. உள்ளிழுக்கும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் சென்சாருக்குள் மெல்லிய உலோகத் தகடு உண்டு. அதில் கீறல் விழுந்தால் இன்ஜின் தேவைக்கு மேல் பெட்ரோல் குடித்துக் கரும்புகை விடும். கை வாக்யூம் பம்ப்பை மாட்டி இழுத்தால், நல்ல சென்சார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். கீறல் இருந்தால் முள் இறங்கிவிடும். இந்தச் சோதனை தெரியாத பட்டறைகள் கம்ப்யூட்டர் பெட்டியை மாற்றி, பிளக்கை மாற்றி, கடைசியில் கார்புரேட்டர் வைக்கலாம் என்று ஆலோசனை சொல்லும்.

எட்டு இன்ஜெக்டர்களின் ரப்பர்க் குழாய்களை விரலால் அழுத்திப் பாருங்கள். இறுகி வெடித்திருந்தால் அன்று காரை ஓட்டக் கூடாது. சுமார் 2 பார் அழுத்தத்தில் பெட்ரோல் சூடான இன்ஜின் மேல் ஒழுகினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

சிலிண்டர்களுக்குள் எழும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் சோதனையில் இன்ஜின் சூடாக, எல்லாப் பிளக்கும் கழற்றி, ஆக்ஸிலரேட்டர் முழுக்க அழுத்தி எடுத்த எட்டு எண்களுக்குள் வித்தியாசம் 1.5 பாருக்கு மேல் போகக் கூடாது. நான்கு கியர் ஆட்டோமேட்டிக்கில் இருப்பது இன்ஜினின் முறுக்கு விசையைப் பெருக்கித் தரும் டார்க் கன்வெர்ட்டர் அல்ல, எளிய திரவ இணைப்பு. அதனால் கியர் மாறும்போது லேசாகத் தள்ளுவது இயல்பு. மாறும் நடுவே இன்ஜின் வேகம் வெறுமனே ஏறி இறங்கினால் அதுதான் பழுது.

உள்பக்கமும் கூரையும்

தோல், கம்பளம், வால்நட் மரப்பட்டை ஒட்டிய டேஷ்போர்டு எல்லாமே காசு கொடுத்தால் செய்யக்கூடியவை. காசுதான் அதிகம். மூன்று இடத்தில் மட்டும் கவனம்: மரப்பட்டையின் ரேகை டேஷ்போர்டு முழுக்க இணங்கி ஓடுகிறதா; குரோமில் அம்மைத்தழும்பு போன்ற குழிகள் மேல் பூச்சு போட்டு மறைத்திருக்கிறதா; கூரையை நீங்களே ஏற்றி இறக்கும்போது முன் கொக்கிகள் இழுக்காமல் வந்து உட்காருகின்றனவா. இந்தக் கூரை வெளித்துணி, நடுவே பஞ்சணை, உள்துணி என்று பல அடுக்கு. முழுக்க மாற்றுவது தெரிந்தவர் செய்ய வேண்டிய பல நாள் வேலை. கொக்கி எட்டவில்லை என்றால் துணி சுருங்கியிருக்கலாம். உடல் தொய்ந்தும் இருக்கலாம், அப்போது கதவுச் சோதனைக்குத் திரும்ப வேண்டும்.

விலையின் கணக்கு

ஏலச் செய்திகளில் நான்கு எண்கள் கலந்து வரும். மதிப்பீடு என்பது ஏல நிறுவனத்தின் விளம்பர எதிர்பார்ப்பு. ரிசர்வ் என்பது விற்பவர் இறங்காத ரகசிய அடிவிலை. சுத்தியல் விலை என்பது ஏலத்தில் நின்ற தொகை. அதன்மேல் வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குத் தரும் கமிஷன், கார்களுக்கு 10 முதல் 15 சதவீதம் வழக்கம். 3,00,000 டாலருக்குச் சுத்தியல் விழுந்து கமிஷன் 10 சதவீதம் என்றால், செய்தியில் வருவது பெரும்பாலும் 3,30,000. ரிசர்வை எட்டாமல் திரும்பிய காருக்குக் கடைசியாகக் கேட்கப்பட்ட தொகையும் சில பட்டியல்களில் விலை போலவே நிற்கும். அதை வைத்துச் சந்தை விலை கணிப்பது தவறு.

மேல்பூச்சுக் கார் ஏன் மலிவாயினும் நிற்கிறது என்பதற்கு இப்போது விடை எளிது. முழு வேலைக்குத் தகுந்த பட்டறையில் ஆகும் செலவு காரின் விலையையே நெருங்கலாம். வாங்கிய பிறகு அந்த வேலையைச் செய்தாக வேண்டும் என்றால், இப்போது இருக்கும் புதுப் பெயிண்டுக்கும் புதுத் தோலுக்கும் ஒருமுறை காசு கொடுத்து, அதைப் பிய்த்தெறிய இன்னொருமுறை கொடுக்க வேண்டும். அனுபவப்பட்ட பட்டறைக்காரர்கள் இதனால்தான் பளபளப்பான சந்தேகக் காரைவிட, துருவை ஒளிக்காத அழுக்குக் காரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

நேரில் போனால் எந்த வரிசையில் பார்ப்பது?

1. போகும் முன்பே சேசிஸ் எண், இன்ஜின் எண், டேட்டா கார்டு, வேலைப் படங்கள் நான்கையும் கேட்டு வாங்குங்கள். உரிமைப் பத்திரத்தில் உள்ள எண் இவற்றோடு ஒத்துப்போக வேண்டும்.
2. இன்ஜினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். குளிர்ந்த நிலையில் கிளப்பும்போதுதான் புகையும் செயின் சத்தமும் தெரியும்.
3. முதலில் லிஃப்ட், பிறகு மீட்டர், பிறகு கதவுச் சோதனை, கடைசியில் ஓட்டம். ஓட்டிப் பார்த்துவிட்டால் மனசு விழுந்துவிடும். அதற்கப்புறம் துரு கண்ணில் படாது.
4. டயரின் பக்கவாட்டில் டிஓடி எழுத்துக்குப் பின்னால் வரும் கடைசி நான்கு இலக்கம் தயாரான வாரமும் ஆண்டும். 2312 என்றால் 2012-ன் 23-வது வாரம். பூ தேயாமல் பளபளத்தாலும் பத்து வயதைத் தாண்டிய டயரோடு நெடுஞ்சாலைக்குப் போக வேண்டாம்.
5. குறைந்தது அரை மணி நேரம் ஓட்டி, நிறுத்தி, பத்து நிமிடம் கழித்துச் சூடாகவே மறுபடி கிளப்புங்கள். டி-ஜெட்ரானிக் கோளாறுகள் பல அந்த இரண்டாவது கிளப்பலில்தான் வெளிவரும்.